குருணைக் கஞ்சியும் மலைப்பழமும்

காலை உணவுக்குக் கஞ்சி என்று சொன்னால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பது என் மாமியாரின் வழக்கம். காய்ச்சல்காரருக்கும் பல் முளைக்காத குழந்தைக்கும் உரியது கஞ்சி என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைகளோ பள்ளி நாட்களில் அட்டைப்பெட்டியில் வரும் தானியச் செதில்களைப் பாலில் கொட்டி, ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். ஒரு நாள் அந்தப் பெட்டியின் பின்புறத்தை நிதானமாகப் படித்தேன். சேர்த்த பொருள்களை எடையில் அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் தானியத்துக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருந்த பழமோ, பட்டியலின் கடைசியில் மணமூட்டியாக மட்டும் இருந்தது. அன்றுதான் தானியத்தையும் பழத்தையும் நானே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் எல்லாரையும் போலச் சத்துமாவுதான் செய்தேன். மாவுக் கஞ்சி டம்ளரில் ஊற்றிக் குடிக்க நன்றாக இருக்குமே தவிர, அதில் பழத்தைப் போட்டால் துண்டுகள் அடியில் போய்த் தங்கிவிடும். கரண்டியால் எடுத்து மெல்லுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் மாவை விட்டுக் குருணைக்கு மாறினேன். அரைக் கிலோ சம்பா கோதுமை, கால் கிலோ கம்பு, இருநூறு கிராம் பாசிப்பருப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்துக்கொள்கிறேன். கோதுமை வெடிக்கத் தொடங்கும்போதும், பருப்பு சிவந்து மணம் வரும்போதும் இறக்கிவிட வேண்டும். கம்பில் கொழுப்பு சற்று அதிகம் என்பதால் அது உடைந்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். நன்றாக வறுத்தால் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டிய அளவு நான் அரைத்து வைப்பதில்லை.

அரைக்கப் போகும் நேரம் முக்கியம். முதல் முறை மதியம் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் மூன்று கிலோ வற்றல் மிளகாய் அரைத்துக்கொண்டு போயிருந்தார். மில்காரர் இயந்திரத்தைத் தட்டிவிட்டுத்தான் என் தானியத்தைக் கொட்டினார் என்றாலும், மறுநாள் காலையில் வாழைப்பழமும் ஏலக்காயும் போட்ட கஞ்சி தொண்டையில் எரிந்தது. என் மகன் அதை ரசக் கஞ்சி என்று பெயரிட்டு இன்று வரை கேலி செய்கிறான். இப்போது கடை திறந்தவுடன் போய்விடுகிறேன்; அல்லது யாராவது கோதுமையோ அரிசியோ அரைத்து முடிக்கும் வரை காத்திருக்கிறேன். "மாவா வேண்டாம், ஒன்றிரண்டா உடைச்சுக் குடுங்க" என்று இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் கை பழக்கத்தில் மாவாகிவிடுகிறது.

கேழ்வரகு மட்டும் தனி. அதை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து மாவாக்கி வைத்திருக்கிறேன். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியும் கோதுமையும் இதற்கு அருகில்கூட வராது. முளைகட்டிய மாவுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதைச் சேர்த்ததும் கெட்டியாக இருந்த கஞ்சி சற்று இளகும். முதலில் இது புரியாமல், தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து மாவை மேலும் மேலும் போட்டேன்; ஆறியதும் களியாகிவிட்டது, கரண்டி நட்டால் நின்றது.

ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் குருணை, ஐந்து டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு; இவற்றைக் குக்கரில் வைத்து நான்கு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும் வரை திறப்பதில்லை. இனிப்புக் கஞ்சிக்கு உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் போடாமல் செய்து பார்க்கலாம். பிறகு இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் கிளற வேண்டும். சாம்பல் கலந்தது போன்ற நிறம் மாறிக் கஞ்சி பளபளக்கும்; பச்சை வாசனை போய், மழை நனைத்த மண்ணை நினைவூட்டும் ஒரு மணம் வரும். அதுதான் பதம். கால் டம்ளர் வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்வேன், ஏனென்றால் மணல் இல்லாத வெல்லத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் வெல்லப்பாகையும் காய்ச்சிய பாலையும் சேர்ப்பேன். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடும்.

வெல்லத்தின் அளவு பழத்தைப் பொறுத்தது. பழத்தை நறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பாகை ஊற்றுகிறேன். நன்கு கனிந்த கற்பூரவள்ளி வாழைப்பழம் என்றால் வெல்லமே வேண்டாம். பச்சைப்பழம் சீக்கிரம் குழைந்து கஞ்சியோடு கரைந்துவிடும். என் தேர்வு மலைப்பழம். திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலையிலும் விருப்பாச்சியிலும் விளையும் இந்த வாழைப்பழத்தில் நீர்ப்பசை குறைவு; வட்ட வட்டமாக நறுக்கிச் சூடான கஞ்சியில் போட்டாலும் உருக்குலையாது. பழநிப் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருப்பதற்கும் இந்தக் குணமே ஒரு காரணம். விலைதான் கடிக்கிறது. 1970களில், இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து நோய் அந்த மலைகளின் வாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்துவிட்டது. பழைய பரப்பு அதன் பின் திரும்பவில்லை. அதனால் மலைப்பழம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பழம்.

வைகாசியில் மாம்பழம், ஆனி ஆடியில் பலாச்சுளை, மற்ற நாட்களில் மாதுளை முத்து என்று மாறிக்கொண்டே போகும். பழம் எதுவானாலும் சட்டியில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிய பிறகு மேலே போட வேண்டும். இதற்கு அன்னாசி மட்டும் விதிவிலக்கு. அதைப் பச்சையாகப் பால் சேர்த்த கஞ்சியில் போட்டு ஒரு முறை மொத்தத்தையும் கொட்டியிருக்கிறேன். அன்னாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால், பத்து நிமிடத்தில் கஞ்சி கசந்துவிட்டது. துண்டுகளைக் கொஞ்சம் வெல்லத்தோடு ஐந்து நிமிடம் வேகவைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், பிறகு பயமில்லை. அப்படி வேகவைத்த அன்னாசிக்கு இரண்டு கிராம்பு தட்டிப் போட்டால் மிகவும் பொருந்துகிறது.

மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெல்லமும் பாலும் சேர்ப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு சிறு கிண்ணம் எடுத்து வைத்து, ஆறியபின் மோர் ஊற்றி, கொய்யாவை மெல்லிய கீற்றுகளாக நறுக்கித் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறேன். வாழைப்பழம் போட்ட கிண்ணங்களை அவர் ஏக்கத்தோடு பார்ப்பதுண்டு. பேரன் தன் கிண்ணத்திலிருந்து ஒரே ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் அவருக்கு ஊட்டுவதும் எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.

பத்து மணிக்கு எழுந்து வருபவர்களுக்காக ஒரு பாத்திரம் வெந்நீர் பக்கத்திலேயே வைத்திருப்பேன், கஞ்சி இறுகிக்கொண்டே போகும் என்பதால். குருணை டப்பாவில் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டது, தெருவில் எல்லா மாடிகளிலும் மிளகாய் காய்கிறது. சனிக்கிழமை நான் ஏழு மணிக்கே மில் வாசலில் நிற்க வேண்டும்.