ஓவனை விட்டு அடுப்புக்கு வந்த கிறிஸ்துமஸ் விருந்து

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு இந்த ஆண்டு என்ன ரோஸ்ட் என்ற பேச்சு எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன் உறவுக்கூட்டத்தில் கிளம்பிவிடும். வான்கோழியா, வாத்தா, முழுக்கோழியா என்று விவாதம் நீளுமே தவிர, ரோஸ்ட் தேவைதானா என்று யாரும் கேட்பதில்லை. 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை, மறுநாள் மதியம் பிரியாணி, மாலை முழுவதும் பலகாரத் தட்டோடு வந்துபோகும் அக்கம்பக்கத்தார் என்று ஓடிக் களைத்த ஒரு வீட்டில், இரவு எட்டு மணிக்குச் சரியாக வெந்து, உடனே அறுத்து, ஆறுவதற்குள் பரிமாறியாக வேண்டிய ஒரு பண்டத்தை விருந்தின் நடுநாயகமாக வைப்பது சமைப்பவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டு நாள் முன்னதாகவே செய்து வைக்கக்கூடியதும், இருக்க இருக்க ருசி ஏறுவதுமான ஒன்றே அந்த இரவுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பாரம்பரியத்தை விட்டுவிடுவதா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். வான்கோழி மெக்சிகோவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் மேசைகளில் கூஸ் என்னும் பெரிய வாத்துக்கே செல்வாக்கு இருந்தது. போலந்துக் கத்தோலிக்கர்கள் 24ஆம் தேதி இரவு இறைச்சியையே தொடாமல், கெண்டை மீனை நடுவில் வைத்து 12 வகை உணவு படைக்கிறார்கள். போர்ச்சுக்கீசியர்களுக்கு அந்த இரவில் உப்பிட்டு உலர்த்திய காட் மீனும் உருளைக்கிழங்கும் வேண்டும். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் நீண்ட நோன்பு முடித்து ஜனவரி 7ஆம் தேதி காரமான கோழிக்குழம்பு உண்கிறார்கள். ஜப்பானிலோ, 1974இல் தொடங்கிய ஒரு விளம்பரத்தின் புண்ணியத்தால் கே.எஃப்.சி.யின் வறுத்த கோழிதான் கிறிஸ்துமஸ் உணவு. ஆகவே, ஓவனில் வாட்டிய பறவை இல்லாவிட்டால் பண்டிகை குறைந்துபோகும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பண்டிகை நெருங்கும்போது வான்கோழி வரத்தான் செய்கிறது. வாங்குவது கடினமன்று, அடுப்பில் ஏற்றுவதுதான் கடினம். ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவை, நம் அடுக்ககச் சமையலறையின் 30 லிட்டர் ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் ஓவனுக்குள் நுழைந்தாலும் மேல்கம்பியை உரசிக்கொண்டுதான் நிற்கும். அது நுழைந்த பிறகும் இயற்கையே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. நெஞ்சுக்கறி 70 பாகை செல்சியஸை ஒட்டியே பக்குவம் அடைந்துவிடும். தொடையோ 80 பாகையை நெருங்கினால்தான் மென்மையாகும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு வறண்டு நாராகிவிடுகிறது. முழுப்பறவையை மேசையில் தூக்கி வைக்கும் அந்த ஒரு நிமிடப் பெருமைக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பதே என் ஐயம்.

இதற்கு மாற்றாக நான் முதலில் சொல்வது பாட் ரோஸ்ட். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த என் பாட்டி, அங்கிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடம் அதைக் கற்றுக்கொண்டார். 2001இல் சுரங்கம் மூடப்பட்டு உறவினர் பலர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது அந்தச் சமையலும் கூடவே வந்தது. ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான ஒரு பாத்திரத்துக்குள் பெரிய கறித்துண்டை மிளகும் வினிகரும் போட்டுப் பொறுமையாக வேகவைப்பதுதான் அதன் அடிப்படை. பெங்களூரில் அதை மாட்டிறைச்சியில் செய்வது வழக்கம். 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கர்நாடகத்தில் 13 வயதைத் தாண்டிய எருமையை மட்டுமே அறுக்கலாம் என்பதால், இன்று சட்டத்துக்கு உட்பட்டுக் கிடைப்பது முதிர்ந்த கறி. அத்தகைய கறிக்கு ஓவனின் வறண்ட சூடு எதிரி. ஈரமும் நேரமும் சேர்ந்தால்தான் அதன் இணைப்புத் திசுக்கள் கரைந்து குழம்புக்குப் பசையும் பளபளப்பும் தரும். ஆட்டுத்தொடையில் செய்ய விரும்புபவர்கள் கறிக்கடை பாயிடம் சொல்லி முழங்கால் மூட்டில் வெட்டி வாங்கிக்கொண்டால், அது வீட்டிலுள்ள பெரிய குக்கருக்குள் அடங்கிவிடும்.

குக்கரை நான் வற்புறுத்துவதற்கு இந்த ஊரின் உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் கறி வேகச் சென்னையைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். குக்கருக்குள் சூடு 120 பாகையை ஒட்டி ஏறுவதால் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது.

ஒன்றரைக் கிலோ துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, உப்பு, கால் கிண்ணம் வினிகர் ஆகியவற்றைப் பூசி, கத்தியால் ஆங்காங்கே கீறி, 22ஆம் தேதி இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். மறுநாள் மேலிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, எண்ணெயும் சிறிது நெய்யும் காய்ந்ததும் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்கும் வரை பிரட்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வெறும் வேகவைத்த கறிதான் மிஞ்சும். ரோஸ்ட் என்னும் பெயருக்கு உரிய மணம் முழுவதும் இந்தச் சிவப்பிலிருந்துதான் வருகிறது. பிறகு பட்டை, கிராம்பு, இரண்டு காய்ந்த மிளகாய், பெரிதாக நறுக்கிய வெங்காயம், ஒரு கிண்ணம் தண்ணீர் சேர்த்து மூடி, விசில் வந்தபின் தணலைக் குறைத்து, ஆட்டுக்கறியானால் அரை மணி நேரம், எருமைக்கறியானால் முக்கால் மணி நேரம் வைக்கிறேன். ஆவி அடங்கியதும் கறியை எடுத்து ஆறவைத்து, சாற்றைத் தனியாகச் சுண்டக் காய்ச்சிக்கொள்ளலாம். டிசம்பர் குளிரை நம்பி இரவு முழுவதும் மேடையிலேயே விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டையும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நன்றாகக் குளிர்ந்த கறியை நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அறுத்தால் ஒன்றுகூட உதிராது. 25ஆம் தேதி இரவு விருந்தினர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் சாற்றைக் கொதிக்கவைத்து, வில்லைகளையும் நெய்யில் பொரித்த உருளைக்கிழங்கையும் அதில் போட்டுச் சூடேற்றினால் வேலை முடிந்தது.

காத்திருந்து ருசி ஏறும் பண்டங்களில் கோவாக்காரர்களின் சொர்ப்பொட்டேலை மிஞ்ச எதுவுமில்லை. பன்றிக்கறியையும் ஈரலையும் சிறு துண்டுகளாக்கி வினிகர் மசாலாவில் சமைத்து, நாள்தோறும் ஒருமுறை கொதிக்கவைத்து, மூன்றாம் நாள்தான் உண்ண எடுப்பார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பம் பன்றிக்கறி பஃபாத் என்னும் மசாலாக் குழம்பும் சன்னாஸும் செய்யும். அந்த வெள்ளை இட்லிகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அச்சு முறுக்கு கொடுத்துவிடுகிறேன். வாத்து வேண்டும் என்பவர்கள் கேரளத்து முறையைப் பின்பற்றலாம்: துண்டுகளை மல்லி, மிளகு, இஞ்சியோடு முன்னதாக வேகவைத்து வைத்துவிட்டு, பரிமாறும் முன் அதன் சொந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தோடு வறுத்தெடுக்க வேண்டும். மீன் எனக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும் இந்த இரவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை; சூட்டோடு சூடாகப் பொரித்துப் போட ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

இறைச்சி உண்ணாத விருந்தினருக்குப் பனீர் வெண்ணெய் மசாலாவைக் கடையிலிருந்து தருவித்து ஓரமாக வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. டிசம்பர் இந்த ஊரில் அவரைக்காய் என்று சொல்லும் மொச்சைக்காயின் காலம். விசுவேசுவரபுரம் பக்கம் அதற்கென்று ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள். பனியில் விளைந்த காயின் மணம் சந்தைத் தெருவெங்கும் நிற்கும். உரித்த கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்தால் கிடைக்கும் பிதுக்கம்பருப்பு, வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போன எங்கள் முன்னோருக்கும் இங்குள்ள கன்னடர்களுக்கும் பொதுச்சொத்து. அதைத் தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்துவிட்டுக் கெட்டிக் குழம்பாக வைத்தால், பாட் ரோஸ்ட்டைத் தள்ளிவிட்டு அதைத் தேடும் கறிப்பிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிதுக்கும் வேலை மட்டும் அலுப்பானது. பூசைக்குக் கிளம்பும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் சித்தப்பாக்களையும் அதில் இறக்கிவிடுவது நல்லது. மேசைக்கு நடுவே வைத்து வெட்டும்படி ஏதேனும் வேண்டுமென்றால், மஞ்சளும் உப்பும் போட்ட நீரில் முழுக் காலிஃபிளவரை அரைவேக்காடாக எடுத்து, முந்திரியும் கெட்டித் தயிரும் அரைத்துப் பூசி, ஓ.டி.ஜி.யில் 200 பாகையில் அரை மணி நேரம் வைக்கலாம். அந்தச் சிறு ஓவன் அதற்குத் தாராளமாகப் போதும்.

கூட வைப்பதற்கு மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறு ஒன்றே போதுமானது. அதனோடு சின்ன வெங்காயம், மிளகாய், உலர்திராட்சை, வினிகர், சர்க்கரை சேர்த்துப் பச்சையாகவே அரைக்கும் டெவில் சட்னியை வைத்துவிட்டால், மிளகுச்சாற்றின் கனத்தை அது சமன்செய்துவிடும். மதியமே பிரியாணி உண்ட வயிறு என்பதால் சோற்றின் அளவைக் குறைத்தே போடுங்கள். பேக்கரி ரொட்டி சில பாக்கெட்டுகள் இருந்தால் சாற்றைத் தொட்டுக்கொள்ளப் பலரும் அதைத்தான் கேட்பார்கள்.

மிஞ்சிய வில்லைகளை 26ஆம் தேதி காலையில் வெண்ணெயும் கடுகு விழுதும் தடவிய ரொட்டிக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். உதிரிகளை வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிக் கட்லெட்டாகப் பொரிக்கலாம். சாறு மீந்தால் கொட்டிவிடாதீர்கள். அதில் மறுநாள் முட்டையை உடைத்து ஊற்றி வேகவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு.