காத்த இறக்குன மச்சான்

எங்க அக்கா வீட்டுக்காரர் துபாய்ல 14 வருஷமா இருக்காரு. என்ன வேலைன்னு கேட்டா ஒரு வரில சொல்லி முடிச்சிருவாரு, அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் மணலப் பத்திதான் பேச்சு. லீவு நாளானா ஃபோர் வீல் வண்டிய எடுத்துக்கிட்டு பாலைவனத்துல மேடேறி இறங்குறது, இல்லன்னா ஹத்தா டேம்ல போட் ஓட்டுறது, இந்த ரெண்டத் தவிர மனுசனுக்கு மூணாவதா ஒண்ணும் தெரியாது.

2019ல நான் விசிட் விசாவுல போயிருந்தேன். அப்பல்லாம் அங்க வெள்ளி சனி லீவு, 2022லதான் சனி ஞாயிறுன்னு மாத்துனாங்க. வெள்ளிக்கிழமை காலைல என்னைய ஏத்திக்கிட்டு ஹத்தா ரோட்டுல 'பிக் ரெட்'னு ஒரு பெரிய செம்மணல் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரோட்ட விட்டு இறங்குறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்த 35ல இருந்து 15க்கு இறக்குனாரு. ஏன் மச்சான்னு கேட்டேன். "காத்து கம்மியா இருந்தா டயர் அகலமாப் படியும் மாப்ள, மணல்ல புதையாது, ஒட்டகத்துக்கு ஆண்டவன் அப்படித்தான பாதத்த வச்சிருக்கான்"னாரு. நல்லாத்தான் இருந்துச்சு கேக்க. மூணாவது மேட்டுல பிரியாணி வாங்குன கவர்லயே நான் வாந்தி எடுத்துட்டேன்.

"மலையில பொறந்துட்டு மேடு பள்ளத்துக்கு வாந்தி எடுக்குறியே மாப்ள!"

இந்த ஒரு டயலாக்க அன்னைலருந்து எல்லாக் கல்யாணத்துலயும் எல்லாக் காதுகுத்துலயும் சொல்லியாச்சு. வத்தலக்குண்டு ரோட்டுல கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு வர்ற டூரிஸ்ட்டப் பாத்து சிரிச்சு வளந்த கொடைக்கானல்காரங்க நாங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்.

போன மே மாசம் லீவுக்கு வந்தாரு. பேரிச்சம்பழம், டேங், கோடாலி தைலம், கூடவே நீளமா ஒரு கம்புல ஆரஞ்சு கலர் கொடி. கட்சி ஏதும் ஆரம்பிச்சிட்டாரான்னு எங்கப்பா பயந்துட்டாரு. அது பாலைவனத்துல வண்டில கட்டுறதாம், மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்றவனுக்கு முன்னாடியே தெரியணும்ல, இல்லன்னா உச்சில நேருக்கு நேரா முட்டிக்கும். சரி, விவரமான ஏற்பாடுதான்.

எங்க வீட்டுல அப்பாவோட பழைய மஹிந்திரா ஜீப் ஒண்ணு நிக்குது. அதப் பாத்ததும் மனுசனுக்குக் கை பரபரங்குது. பேரிஜம் ஏரிக்குப் போலாம்னாரு, அதுக்கு ஃபாரஸ்ட்ல பெர்மிட் வாங்கணும், நெனச்ச நேரத்துல போக முடியாது. பூம்பாறை தாண்டி என் ஃப்ரெண்டோட பூண்டுத் தோட்டம் இருக்கு, மெயின் ரோட்ட விட்டு மண் ரோட்டுல இறங்கணும், உங்களுக்கு அதுவே போதும்னு சொல்லிக் கெளம்பியாச்சு. கொடிய மறக்காமக் கட்டிட்டாரு. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை 18 கிலோமீட்டர், அந்த 18லயும் எதிர்ல வந்தவன் ஒருத்தன் விடாம எங்களப் பாத்துட்டுத்தான் போனான். அப்புறம் ஒரு வாட்டில் மரக்கிளை எங்க மேல இரக்கப்பட்டுச்சு, கொடிய அதுவே புடுங்கி வச்சிக்கிச்சு.

மண் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல வண்டிய நிறுத்துனோம். முத நாள் ராத்திரி நல்ல மழை. நான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன், புஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். பாம்புன்னு நெனச்சி ரெண்டடி பின்னாடி வச்சேன். பாத்தா மச்சான் குத்த வச்சி உக்காந்து வீட்டுச் சாவியால வால்வுக்குள்ள அழுத்திக்கிட்டு இருக்காரு, மூணு டயர் முடிஞ்சி நாலாவது போயிட்டு இருக்கு.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"15க்கு இறக்குறேன் மாப்ள. ஆஃப் ரோடுன்னா அதான் ரூல்."

"இங்க மணல் எங்க இருக்கு? சேறும் கல்லும்தான இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"சரி, திரும்பி ஏத்துறதுக்கு?"

அந்த எடத்துல ஒரு அமைதி வந்துச்சு பாருங்க. துபாய்ல டிக்கில கம்ப்ரஸர் வச்சிருப்பாரு, மணல விட்டு வெளிய வந்ததும் டர்ர்ர்னு ஏத்திக்குவாரு. இங்க கொடி வந்திருக்கு, கம்ப்ரஸர் வரல. லக்கேஜ்ல வெயிட் கூடிருச்சாம், அக்கா எடுத்து வெளிய வச்சிட்டாங்களாம். அந்த வெயிட்டுல என்ன வந்துச்சுன்னு கேட்டேன். டேங்.

இன்னொரு விசயம், அவர் வண்டி டயர் டியூப்லெஸ், எங்க ஜீப்புல உள்ள டியூப் இருக்கு. காத்தில்லாம ஃபோர் வீல் போட்டு லோ கியர்ல முக்குனா ரிம் சுத்தும், டயர் கூட சுத்தாம வழுக்கும், டயரோட சேந்து உள்ள டியூபும் நகரும், காத்தடிக்கிற மவுத்து மட்டும் ரிம் ஓட்டைல மாட்டிக்கிட்டு நிக்கும். இதெல்லாம் அன்னைக்கு சாயந்திரம் பஞ்சர் கடை அண்ணன் பாடம் எடுத்தது. தோட்டத்துக்கு அர கிலோமீட்டர் இருக்கறப்பயே பின் டயர் மவுத்து பிச்சிக்கிச்சு.

ஸ்டெப்னி இருந்துச்சு. ஜாக்கியும் இருந்துச்சு, ஆனா ஜாக்கியப் போட்டு ஏத்துனா வண்டி மேல போகாம ஜாக்கி சேத்துக்குள்ள எறங்குது. இந்தக் கூத்துல பின்னாடி நாலு குதிரை வந்து நின்னுருச்சு, ஒவ்வொண்ணு முதுகுலயும் ரெண்டு ரெண்டு பூண்டு மூட்டை, கூட ஒரு தாத்தா தலைல சாக்கக் கொங்காணி போட்டுக்கிட்டு. பாதை முழுக்க எங்க ஜீப். தாத்தா ஒரு பத்து நிமிசம் பேசாமப் பாத்தாரு, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டாரு. மச்சான் விடாம ஒட்டகப் பாதத்துல ஆரம்பிச்சி முழுசா வெளக்குனாரு. தாத்தா பொறுமையாக் கேட்டுட்டு, "குதிரைக்கு நாங்க காத்து இறக்குறதில்ல தம்பி"ன்னாரு. சொல்லிட்டு அவரே பலகைக்கல் ஒண்ணத் தூக்கிட்டு வந்து ஜாக்கிக்கு அடில போட்டாரு, வேல முடிஞ்சிது. மிச்ச மூணு டயருக்குத் தோட்டத்துல இருந்த சைக்கிள் பம்ப்தான். ஒரு டயருக்கு 400 வரைக்கும் எண்ணுனேன், அப்புறம் எண்ணல. பாதிக்கு மேல மச்சான்தான் அடிச்சாரு, பாவம், ஜெர்கின கழட்டிட்டு, கொடைக்கானல் குளிர்ல வேர்த்து ஒழுகி.

எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி.

அதோட விட்டிருக்கலாம். நான் சும்மா இருக்காம மறுநாள் லேக்ல போட்டிங் போலாம்னு கூட்டிட்டுப் போனேன், அன்னைக்கும் ஒரு கை பாத்துடலாம்னுதான். பெடல் போட், நானும் மச்சானும் மிதிக்கிறது, பின்னாடி அக்காவும் பாப்பாவும். "ஹத்தால காயாக்ல தனியாப் போவேன், சுத்தியும் மொட்டப் பாறை, தண்ணி பச்சையா இருக்கும், இதென்ன குட்டை"ன்னு ஆரம்பிச்சாரு. 1863ல லெவிஞ்சுன்னு மதுரைல கலெக்டரா இருந்தவர் கட்டுனது மச்சான், குட்டைங்காதீங்கன்னு சொல்லிட்டு இருக்கறப்பயே மேகம் இறங்கிருச்சு. எங்க ஊர் மேகம் கதவத் தட்டிட்டு வராது. அஞ்சு நிமிசத்துல போட்டோட மூக்குல இருந்த வாத்துத் தல கூடத் தெரியல.

"நீ லோக்கல்தான மாப்ள, வழியச் சொல்லு"ன்னாரு.

உண்மையச் சொல்லணும்னா நான் அந்த லேக்ல கடைசியா போட்ல ஏறுனது ஏழாவது படிக்கறப்ப. ஊர்க்காரன் எவன் காசு குடுத்து போட்டிங் போறான். இருந்தாலும் விட்டுக் குடுக்காம, கரைய ஒட்டியே போவோம், எப்படியும் போட் ஹவுஸ் வந்துரும்னேன். வட்டமான ஏரிக்கு அது சரியான யோசனை. கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம்னு நாலாவது பாடத்துலயே படிச்சவன் நான். ஒரு முனைக்குள்ள போயி, சுத்தி வெளிய வந்து, அடுத்த முனைக்குள்ள போயி... மேல ரோட்டுல குதிரைக் குளம்புச் சத்தம் கேக்குது, சுட்ட சோளம் வாசம் வருது, ஆனா கரை எதுன்னு தெரியல. போன்ல மேப்ப தொறந்தா நீலத்துக்கு நடுவுல ஒரு நீலப் புள்ளி. பின்னாடி அக்கா, "ரெண்டு பேருக்கும் வீட்டுக்குப் போயி இருக்கு"ன்னாங்க.

கடைசில விசில் சத்தத்த வச்சித்தான் கரை சேந்தோம். அர மணி நேரத்துக்கு எடுத்த போட், ஒண்ணே கால் மணி நேரம் ஆயிருச்சு. எக்ஸ்ட்ரா காசு வாங்குன அண்ணன், "வெளியூரா சார்?"னு என்னையப் பாத்துக் கேட்டாரு.

மச்சான் முகத்தப் பாக்கணுமே அப்ப. அடுத்த மாசம் சித்தப்பா மக கல்யாணம் வேற வருது.