412 என்று இரண்டு புத்தகம்

போன வருடக் கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரி நூலகத்தைக் கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருளுக்கு மாற்ற ஆரம்பித்தோம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று முதல்வரிடம் எழுத்திலேயே கொடுத்திருந்தேன். ஆயுத பூஜைப் பொரி சாப்பிடும்போதும் பார்கோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

இலவச மென்பொருள் என்றதும் முதல்வருக்குச் சந்தேகம். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக 1999இல் எழுத ஆரம்பித்தது, பெயருக்கே மாவோரி மொழியில் அன்பளிப்பு என்றுதான் அர்த்தம் என்றெல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். கோஹா எங்களைப் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் எங்கள் பழைய பதிவுகள்.

பழைய மென்பொருளில் ஒரு அக்செஷன் நம்பருக்கு, அதாவது நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் வரிசை எண்ணுக்கு, ஒரு வரி, அவ்வளவுதான். ஒரே வேதியியல் பாடநூல் ஆறு பிரதி இருந்தால் ஆறு தனித்தனிப் புத்தகமாக நிற்கும், அதிலும் ஒன்றில் 'வேதியியல்', இன்னொன்றில் 'வேதியல்', மூன்றாவதில் ஆசிரியர் பெயருக்கு முன்னெழுத்தே இல்லை. கோஹா அப்படி இல்லை. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு எல்லாம் ஒரே பதிவு. அதன் கீழே ஒவ்வொரு பிரதியும் 952 என்ற புலத்தில் தனியாகத் தொங்கும். பார்கோடு, அடுக்கில் நூலின் இடத்தைக் காட்டும் கால் நம்பர் (call number), எந்த ரேக், என்ன விலை, கடனுக்கு உண்டா இல்லையா என்பதெல்லாம் பிரதியோடு போகும். படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதிய விஷயம்தான், ஆனால் 18,000 வரி எக்செலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது.

எடுத்தவுடன் மொத்தத்தையும் ஏற்றவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. தமிழ்த் தலைப்புகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்ததால் முதலில் யூனிகோடுக்கு மாற்றினோம். எக்செல் வேறு அக்செஷன் நம்பரின் முன்னால் இருக்கும் சைபரையெல்லாம் விழுங்கி வைத்திருந்தது, அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றி மறுபடி நிரப்பினோம். அப்புறம் மார்க்எடிட் என்ற மென்பொருள் வழியாக, நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் (MARC) கோப்பாக்கி, சோதனைக்கு 50 பதிவுகளை ஏற்றிப் பார்த்தோம். தலைப்புகள் 50ம் உள்ளே போய்விட்டன. பிரதிகளில் பதினொன்றைக் காணவில்லை.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு எங்கள் அட்டெண்டர் அண்ணன்தான் வந்து கேட்டார்: "மேடம், நீங்க தேடுற 412 கறுப்பு நோட்டுல உள்ளதா, சிவப்பு நோட்டுல உள்ளதா?"

பொது நூல்களுக்குக் கறுப்பு அட்டை அக்செஷன் ரிஜிஸ்டர். மாணவர்களுக்கு நீண்ட நாள் கடனாகக் கொடுக்கும் புக் பேங்க் பாடநூல்களுக்குச் சிவப்பு அட்டை. இரண்டும் 1இலிருந்து ஆரம்பிக்கின்றன! கறுப்பில் 412 ஒரு தமிழ் இலக்கண நூல், சிவப்பில் 412 ஒரு கணக்கியல் பாடநூல். கோஹாவில் ஒரு பார்கோடு ஒரே பிரதிக்குத்தான். இரண்டாவதாக அதே எண் வந்தால் தலைப்பை எடுத்துக்கொண்டு பிரதியை வெளியே விட்டுவிடும், அந்தத் தகவலும் இறக்குமதி அறிக்கையில் ஒரு ஓரத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. நல்ல வேளையாக ஏற்றிய தொகுதியை அப்படியே திரும்பப் பெற வழி இருக்கிறது. திரும்பப் பெற்று, சிவப்பு நோட்டு எண்களுக்கு முன்னால் 'பிபி' என்று சேர்த்து மறுபடி ஏற்றினோம். ஆனால் அதற்குள் இரண்டு ரேக் புக் பேங்க் நூல்களுக்கு 'பிபி' இல்லாமலே பார்கோடு ஸ்டிக்கர் அடித்து ஒட்டியாகிவிட்டது. பார்கோடு அச்சடிக்கும் முன் எத்தனை ரிஜிஸ்டர் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள், தயவுசெய்து.

அடுத்தது ஒரே நூலுக்கு இருந்த பல பதிவுகளைச் சேர்க்கும் வேலை. தேடல் முடிவில் டிக் அடித்து, எது நிற்க வேண்டும் என்று காட்டினால் போதும், மற்றவற்றின் பிரதிகள் அதன் கீழே வந்து சேர்ந்துவிடும். சுலபமாக இருந்ததால் வேகம் பிடித்து, ஒரு பொருளாதார நூலின் இரண்டு வெவ்வேறு பதிப்புகளையும் ஒன்றாக்கிவிட்டேன். புதிய பதிப்பு என்று நம்பி முன்பதிவு செய்த மாணவி கையில் பழையது போய்ச் சேர்ந்தது. சேர்த்ததைப் பிரிக்க ஒரு பொத்தான் கிடையாது. பழைய பதிப்புக்குப் புதிதாகப் பதிவு போட்டு, அதன் பிரதிகளைப் பார்கோடு கொடுத்து ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் மாட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் ஆண்டும் பதிப்பும் பார்க்காமல் எதையும் சேர்ப்பதில்லை.

தொகுதி தொகுதியாக வந்த நூல்கள் தனிக் கதை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954இலிருந்து 1968 வரை வெளிவந்த 10 தொகுதிகள். எங்கள் பழைய பட்டியலில் 'கலைக்களஞ்சியம்' என்று ஒன்பது வரி இருந்தது, எது எந்தத் தொகுதி என்று ஒன்றிலும் இல்லை. நானும் அண்ணனும் ரேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முதுகு கிழிந்தவற்றைத் திறந்து தலைப்புப் பக்கம் பார்த்து எழுதினோம். ஒரே பதிவு, அதன் கீழே பிரதி ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண், எல்லாவற்றுக்கும் 'கடனுக்கு இல்லை'. ஏழாம் தொகுதி இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தொகுதி எண் போடாத வரை அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது.

தொலைந்தவற்றையும் சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று எழுதியிருந்தவற்றையும் அழித்துவிடலாம் என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். நான் விடவில்லை. ஆடிட் வருகிறவர் கேட்பது அக்செஷன் நம்பர் 3,117 எங்கே என்றுதான். பிரதியை அப்படியே வைத்து நிலையை மட்டும் மாற்றிவிட்டு, மாணவர்கள் தேடும் பக்கத்தில் தெரியாமல் மறைத்திருக்கிறோம்.

பருவ இதழ்கள் பாக்கி. பைண்ட் செய்தவற்றை ஆண்டுக்கு ஒரு பிரதியாகப் போட்டு, எந்த ஆண்டிலிருந்து எதுவரை இருக்கிறது, நடுவில் எது இல்லை என்பதைத் தலைப்புப் பதிவின் 866 என்ற புலத்தில் ஒரு வரியாக எழுதிக்கொண்டு வருகிறேன். பைண்டர் ஒரு இதழில் ஜூலையை நவம்பருக்குப் பின்னால் வைத்துத் தைத்திருக்கிறார், அதையும் குறிப்பில் எழுதியாயிற்று.