ஊருக்கே கேட்ட என் சரளி வரிசை: கார்க் நகரத்தில் இரண்டு நாள்

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அதெல்லாம் அப்புறம். அயர்லாந்தின் கார்க் நகரத்தில், 1750-ல் வார்த்த எட்டு தேவாலய மணிகளை என் கையால் அடித்துவிட்டு வந்திருக்கிறேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லீ ஆற்றுக்கு வடக்கே ஷாண்டன் என்றொரு மேடு. அதன் மேல் புனித ஆன் தேவாலயம், 1722-ல் கட்டியது. கோபுரத்தின் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், மற்ற இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இடிந்துபோன கோட்டையிலிருந்து ஒன்று, பாழடைந்த மடாலயத்திலிருந்து ஒன்று என்கிறார்கள். கிடைத்த கல்லைக் கொண்டு கட்டியது அழகாகவே வந்துவிட்டது. உச்சியில் காற்று காட்டச் சேவல் கிடையாது, பதினோரு அடி நீளத்தில் தங்க முலாம் பூசிய சால்மன் மீன். நாலு பக்கமும் கடிகாரம். நாலும் ஒரே நேரம் காட்டாது, மணி முழுதாக ஆகும்போதுதான் ஒத்துப்போகும். ஊர்க்காரர்கள் அதற்கு ‘நாலுமுகப் பொய்யன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் சில யூரோ. மனதுக்குள் நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்குண்டு, பெருக்கினேன், கொடுத்தேன். முதல் தளத்தில் ஒரு மரச் சட்டத்தில் எட்டுக் கயிறுகள், எண் போட்டு. பக்கத்தில் பாட்டு அட்டைகள். எந்தக் கயிற்றுக்குப் பிறகு எந்தக் கயிறு என்று அதில் எண்ணாகவே அச்சடித்திருக்கிறது, சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. மணிகள் ஆடாமல் நிலையாக நிற்கின்றன. கயிற்றை இழுத்தால் மேலே சுத்தியல் போய் அடிக்கும். மொத்தம் ஆறு டன்னுக்கு மேல் எடை. என்னைப் போன்ற ஆளை நம்பி அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

அட்டையில் இருந்த ஒரு பாட்டை ஒழுங்காக அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டு மணி என்றால் கீழ் ச முதல் மேல் ச வரை ஆயிற்றே! பாட்டு டீச்சர் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த சரளி வரிசை நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குரிய மாயாமாளவகௌளை ராகத்துக்கு வழியில்லை, மணிகள் அப்பட்டமான சங்கராபரணம். ஏறுவது நன்றாகவே ஏறினேன். இறங்கும்போது நி-க்குப் பதில் த-வை இழுத்துவிட்டேன்.

“அக்கா, ஊரே கேக்குது” என்று தம்பி பல்லைக் கடித்தான். கேட்கட்டுமே. காசு கொடுத்து ஏறியது பின்னே எதற்கு?

மேலே மாடம் வரை 132 படி. கீழேயே காதுக்கு மூடி தருவார்கள், மாட்டிக்கொள்ளுங்கள். நான் கையில் பிடித்துக்கொண்டே ஏறினேன். மணிகள் தொங்கும் அறையைக் கடக்கிற நேரம் பார்த்து, கீழே அடுத்து வந்த குடும்பம் கயிற்றை இழுத்தது. கொஞ்ச நேரம் தம்பியின் வாய் மட்டும் அசைந்தது. சிரிக்கிறான் என்று புரிந்தது.

மாடத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது. ஆறு இரண்டாகப் பிரிந்து ஓட, நடுத்தீவில் நகரத்தின் மையம். கோபுரத்தின் அடியிலேயே பழைய வெண்ணெய்ச் சந்தை. 1770-ல் தொடங்கியது, ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. உப்புப் போட்டு, தரம் பிரித்து, மரப்பீப்பாய்களில் அடைத்து மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பலேற்றியிருக்கிறார்கள். 1924-ல் மூடிவிட்டார்கள். இப்போது பக்கத்தில் வெண்ணெய்க்கு ஓர் அருங்காட்சியகம். சேற்று நிலத்தில் புதைத்து வைத்த ஆயிரம் வருடத்து வெண்ணெய் அங்கே இருக்கிறது. தம்பி சிரித்தான். எனக்குப் பிடித்திருந்தது.

சரி, இப்போது பஸ். டப்ளினிலிருந்து ரயில் என்றால் இரண்டரை மணி நேரம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு “பஸ்ஸிலேயே போய் மிச்சம் பிடிப்போம்” என்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜூன் மாதத்தில் ஹீட்டர் அணையவே இல்லை. ஜன்னல் திறக்காது. கழிப்பறைக் கதவு ஒவ்வொரு வளைவிலும் தானே திறந்து தானே அடித்துக்கொண்டது. அதையாவது பொறுக்கலாம். கார்க்கில் இறங்கி நகரப் பேருந்துக்கு நின்றோமே, அங்கே ஒரு மின்பலகை. இரண்டு நிமிடம் என்றது. பிறகு ‘இதோ வருகிறது’ என்றது. பிறகு அந்த வரியே அழிந்துபோனது. பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் இதே கதை. தூறல் வேறு. கடைசியில் டாக்ஸி, பதினாலு யூரோ. மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போயிற்று.

ஓட்டுநர் நல்ல மனிதர். “டப்ளின் கிடக்கட்டும், உண்மையான தலைநகரம் இதுதான்” என்று ஆரம்பித்தார். கார்க்கில் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பெரிய கடைவீதியான பேட்ரிக் தெரு ஏன் இப்படி வளைந்து போகிறது என்றும் அவர்தான் சொன்னார். கீழே ஆற்றுக் கால்வாய் இருக்கிறதாம், அதை மூடித்தான் தெரு போட்டார்கள். ஊர்ப் பெயருக்கே சதுப்பு நிலம் என்றுதான் பொருள். சவுத் மால் தெருவில் சில பழைய வீடுகளுக்கு வாசல் மாடி உயரத்தில் இருக்கிறது, படியேறித்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் படகு வந்து நின்றது கீழே. இதற்கு டிக்கெட் கிடையாது. தெருவில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சாப்பாடு என்றால் இங்கிலீஷ் மார்க்கெட். 1788-லிருந்து நடக்கிற சந்தை, 1980-ல் தீப்பிடித்து மறுபடி கட்டினார்கள். ஞாயிறு விடுமுறை. ஒரு கடையில் குடலும், பக்கத்தில் ‘டிரிஷீன்’ என்கிற ரத்தத் தொத்திறைச்சியும். போட்டியும் ரத்தப் பொரியலும் தின்று வளர்ந்தவளுக்கு இது என்ன புதுசா? வாங்கிச் சமைக்க அடுப்புதான் இல்லை. மாடியில் மீன் சௌடர் சாப்பிட்டோம். பாலில் குழையக் காய்ச்சிய மீன் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையூட்டிய மீன், உருளைக்கிழங்கு, மேலே மட்டி. கூடவே சோடா ரொட்டி, விரல் பருமனுக்கு உப்பு வெண்ணெய். வெண்ணெய்க்கு ஏன் அருங்காட்சியகம் வைத்தார்கள் என்று தம்பிக்கு இப்போது புரிந்தது. இருவருக்கும் முப்பது யூரோவுக்கு மேல். முதல் தடவையாகப் பெருக்கிப் பார்க்கவில்லை.

புனித ஃபின் பாரே பேராலயத்துக்கும் கட்டணம் உண்டு. வாசலில் முணுமுணுத்தேன். உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டேன். வில்லியம் பர்ஜஸ் என்கிற கட்டடக் கலைஞர் வரைந்தது. பதினைந்தாயிரம் பவுண்டுக்குள் முடிக்கச் சொன்ன வேலைக்கு லட்சம் பவுண்டுக்கு மேல் இழுத்துவிட்டார் மனிதர். மூன்று கூம்பு, கூரையில் தங்கத் தேவதை. உள்ளே ஒரு பீரங்கிக் குண்டு சங்கிலியில் தொங்குகிறது. 1690 முற்றுகையில் பக்கத்து எலிசபெத் கோட்டையிலிருந்து சுட்டதாம். அந்தக் கோட்டைக்குள் இலவசமாகவே நுழையலாம், மதில் மேல் நடக்கலாம். காசில்லாதவர்கள் நேராக அங்கே போங்கள்.

பல்கலைக்கழகத்துக்குத் தம்பிதான் இழுத்துப்போனான். ஜார்ஜ் பூல் இங்கேதான் முதல் கணிதப் பேராசிரியர். கணினிக்கெல்லாம் அடிப்படையான அவர் தர்க்கத்தை வைத்துத்தான் இவன் சம்பளம் வாங்குகிறான். 1864-ல் மழையில் மூன்று மைல் நடந்து வந்து, ஈர உடையோடு பாடம் நடத்தி, நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டார். வயது 49. அவர் மனைவி மேரி, சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் தம்பி மகள். பரங்கிமலையில் லாம்டன் தொடங்கிய நில அளவையைப் பின்னால் நடத்திய அதே எவரெஸ்ட்தான். இதைச் சொன்னதும் தம்பி முதல்முறையாக என் பேச்சைக் கவனித்தான். அங்கே ஒரு நடைக்கூடத்தில் ஒகாம் என்கிற பழைய ஐரிஷ் எழுத்துக் கல்வெட்டுகள், கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டியவை. இதுவும் இலவசம்.

தங்குமிடம் பற்றிக் கேட்காதீர்கள். தம்பியின் சிநேகிதர் வீட்டு சோஃபா.

ஊர் திரும்பும் நாள், மறுபடி அதே நிறுத்தம், அதே பலகை. ஐந்து நிமிடம் என்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷாண்டன் மணி கேட்டது. யாரோ அட்டையைப் பார்த்து அடிக்கிறார்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஓர் எண் தவறியது. தம்பி என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன். ஆறு நிமிடம் என்றது.