கலாபகோஸ்: பதினாறு பேர் படகில் தீவு தீவாக

கலாபகோஸ் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "பெரிய லென்ஸ் வாங்கிட்டியா?" என்பதுதான். வாங்கவில்லை. போய்ப் பார்த்த பிறகு சொல்கிறேன், அங்கே அது பெரும்பாலும் சுமைதான். பாதி நேரம் பறவை படத்துக்குள் அடங்காத அளவுக்குக் காலடியிலேயே நிற்கிறது.

எக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக்கில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. ஊர் என்று இருப்பது நான்கு தீவுகளில்தான். மற்ற தீவுகளில் இறங்க வேண்டுமென்றால் படகில் போக வேண்டும், பூங்காவின் உரிமம் பெற்ற கைடு கூடவே இருக்க வேண்டும். எந்தப் படகு எந்த நாளில் எந்தத் தீவில் நிற்கலாம் என்பதையும் பூங்காவே முடிவு செய்கிறது. கேப்டன் ஆசைப்பட்டாலும் பாதை மாற முடியாது.

100 பேர் வரை ஏற்றும் கப்பல்களும் ஓடுகின்றன. நாங்கள் எடுத்தது 16 பேர் படகு. ஒரு கைடுக்கு அதிகபட்சம் 16 பேர் என்பதால் படகு முழுவதும் ஒரே குழு. எல்லோரும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறிவிடலாம். பெரிய கப்பலில் குழு குழுவாகப் பிரித்து முறை வைத்து இறக்குவார்கள். சின்னப் படகின் ஒரே தொல்லை, ஆட்டம். அறை தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில் படகின் நடுப்பகுதியைக் கேளுங்கள். ஜன்னல் அழகாக இருக்கிறதே என்று மேல்தளம் வாங்கியவர்கள் முதல் இரவே வருந்தினார்கள். மாத்திரையோடு இஞ்சி மரப்பாவும் வைத்திருந்தேன். அது படகு முழுக்கப் பிரபலமாகி, சீக்கிரமே தீர்ந்தும் போனது.

விமான நிலையத்திலேயே கெடுபிடி தொடங்கிவிடுகிறது. பழம், விதை, மண் ஒட்டிய செருப்பு எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. பெட்டியைச் சோதித்து சீல் வைக்கிறார்கள். விமானம் தரையிறங்கும் முன் தலைக்கு மேலிருக்கும் பெட்டித் தட்டுகளில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். படகிலும் ஒவ்வொரு தீவிலிருந்து திரும்பும்போதும் காலைக் கழுவிய பிறகுதான் ஏற முடியும். பக்கத்துத் தீவின் விதைகூட இந்தத் தீவுக்கு அந்நியம்தான்.

கரைக்குக் கொண்டுபோவது 'பாங்கா' என்ற ரப்பர் படகு. படகோட்டி கையை நீட்டினால் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. அவர் நம் முழங்கையருகே பிடிப்பார், நாமும் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். வழுக்கினாலும் பிடி விடாது. சில இடங்களில் பாறை மேல் கால் வைக்கலாம். சில இடங்களில் முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டியதுதான்.

முதல் தீவு வடக்கு சீமோர். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே நின்றுவிட்டோம். ஒற்றையடிப் பாதையின் நடுவில் இரண்டு நீலக்கால் பூபிகள். ஆண் பறவை இடது காலைத் தூக்கிக் காட்டி வைத்தது, பிறகு வலது காலை, மெதுவாக, நீலம் நன்றாகத் தெரியும்படி. அப்புறம் இறக்கையை விரித்து, வாலையும் அலகையும் வானத்துக்கு நீட்டி ஒரு விசில். பெண் பறவை அசையவில்லை. ஆண் உடனே ஒரு சுள்ளியைப் பொறுக்கி வந்து அவள் காலடியில் வைத்தது. இந்தப் பறவை சுள்ளியால் கூடே கட்டாது, வெறும் தரையில்தான் முட்டையிடும். ஆனாலும் சுள்ளி கொடுத்தாக வேண்டும் போலிருக்கிறது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாதையை விட்டும் விலகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நாங்கள் அங்கேயே நிற்பதைத் தவிர வழியில்லை. பெண் ஒருவழியாக எழுந்து போனபின் ஆணும் பின்னாலேயே போனது. சம்மதமா இல்லையா தெரியவில்லை.

இதே தீவில் மஞ்சள் நிற நில இகுவானாக்களும் (பெரிய பல்லிகள்) கள்ளிச்செடி அடியில் படுத்துக் கிடக்கின்றன. இவை இந்த மண்ணில் பிறந்த இனமல்ல. 1930களில் ஓர் ஆய்வுப் பயணக் குழுவினர் பக்கத்துத் தீவான பால்ட்ராவிலிருந்து சிலவற்றைத் தூக்கி வந்து இங்கே விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைத்தளம் பால்ட்ராவுக்கு வந்தது. பிறகு அங்கே இகுவானாவே இல்லாமல் போனது. 1991 முதல் இவற்றின் வாரிசுகளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். தீவுகளின் விமான நிலையங்களில் ஒன்று இருப்பதும் அதே பால்ட்ராவில்தான்.

அன்று இரவு ஜெனோவேசாவுக்குத் திறந்த கடலில் பயணம். தூக்கம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. விடிந்தபோது ஒரு பழைய எரிமலை வாய்க்குள் படகு நின்றிருந்தது. செங்குத்துப் பாறையில் படியேறினால் மேலே எங்கும் பறவைகள். மரக்கிளையில் சிவப்புக்கால் பூபி, தரையில் வெள்ளை நிற நாஸ்கா பூபி.

நாஸ்கா பூபி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், சில நாள் இடைவெளியில். முதலில் பொரிந்தது பிழைத்துவிட்டால் இரண்டாவதற்கு வேலையில்லை. மூத்தது இளையதைத் தள்ளி வெளியேற்றிவிடும். படித்திருந்தேன். பார்த்தது வேறு. இறகு முளைக்காத ஒரு குஞ்சு, கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கழுத்தைத் தூக்க முயன்று தூக்க முயன்று விழுந்துகொண்டிருந்தது. தாய் பக்கத்திலேயே மூத்த குஞ்சுக்கு நிழல் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தது. குழுவில் ஓர் அம்மா கைடிடம் மெல்லக் கேட்டார், அதைத் தூக்கி உள்ளே வைக்கக் கூடாதா என்று. "கூடாது. வைத்தாலும் மறுபடி தள்ளிவிடும்" என்றார் அவர். கொஞ்ச நேரம் யாரும் படம் எடுக்கவில்லை.

பார்த்தலோமே தீவில் பெங்குவின். பூமத்திய ரேகை ஓரத்தில் பெங்குவினா என்றால், தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும்தான் காரணம். அந்த நீரோடு மீனும் வருகிறது. நாங்கள் போனது அக்டோபர் கடைசி, வெட்சூட் இல்லாமல் இறங்கவே முடியாது. தண்ணீருக்குள் ஒரு கடல்சிங்கக் குட்டி என் துடுப்புச் செருப்பைக் கடித்து இழுத்துவிட்டு ஓடியது. இரண்டு மீட்டர் விதி அதற்குப் பொருந்தாது.

கடல் இகுவானாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலில் இறங்கிப் பாசி மேயும் ஒரே பல்லியினம் இதுதான். பாறையில் குவியல் குவியலாக வெயில் காயும், இடையிடையே மூக்கிலிருந்து உப்புநீரைப் பீய்ச்சும். எதிர்க்காற்றில் நின்றால் நம் மேலும் விழும். எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகிப் பாசி அழியும்போது இவற்றின் உடல் நீளமே 20 சதவீதம் வரை சுருங்கியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இளைப்பதல்ல, எலும்போடு குறுகுவது. தீனி வந்ததும் மறுபடி நீளுமாம்.

எஸ்பன்யோலா தீவில் மாக்கிங்பேர்ட் என்ற சின்னப் பறவை நேராகத் தண்ணீர் பாட்டிலுக்கே வருகிறது. நன்னீர் கிடைக்காத தீவு. கொடுக்கக் கூடாது என்பது விதி, மூடியைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு ஷூ கயிற்றை இழுத்தது. உலகின் வேவ்டு அல்பட்ராஸ்கள் ஏறக்குறைய எல்லாமே குஞ்சு பொரிக்க வருவது இந்த ஒரு தீவுக்குத்தான். இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை விரியும் பறவை தரையில் வாத்துபோல ஆடி ஆடி நடக்கிறது. பாறை விளிம்பு வரை நடந்து, எட்டிப் பார்த்து, தயங்கி, பின்வாங்கி, மறுபடி போய் விழுந்தது. விழுந்த கணமே காற்று தாங்கிக்கொண்டது.

கடைசியாக சாந்தா குரூஸ். இந்த விலங்குகள் தங்கள் பயமில்லாத குணத்துக்குக் கொடுத்த விலை இங்கேதான் தெரிகிறது. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தத் தீவுகளில் ராட்சத ஆமைகளை உயிரோடு அடுக்கிக் கொண்டுபோயின. தீனி, தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். ஒரு லட்சத்துக்கும் மேல் இப்படிப் போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மிச்சமிருந்தவற்றின் புல்லை மனிதர் கொண்டுவந்த ஆடுகள் தின்று தீர்த்தன. பின்டா தீவின் கடைசி ஆமையான 'தனிமை ஜார்ஜ்' 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அதைப் பதப்படுத்திப் பூங்காவின் ஆமை வளர்ப்பு மையத்தில் வைத்திருக்கிறார்கள். கழுத்தை நீட்டி நிற்கிறது. எஸ்பன்யோலா ஆமைகளின் கதை நல்லபடி முடிந்தது. 14 மட்டும் மிஞ்சியிருந்தன. சான் டியகோ மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்த டியகோ என்ற ஆணும் சேர்ந்து இனம் பெருகி, 2020இல் டியகோ தன் தீவுக்கே திரும்பியது.

செலவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆகிவிட்டது. சின்னப் படகும் மலிவல்ல. நாள் இருப்பவர்கள் சாந்தா குரூஸின் புவர்ட்டோ அயோரா ஊரில் தங்கிக் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் பகல்நேரப் படகுகள் உண்டு, ஜெனோவேசாவும் எஸ்பன்யோலாவும் அவற்றில் கஷ்டம்.

காத்திருக்கும் நாளில் அந்த ஊர் மீன் சந்தைக்குப் போங்கள். கல் மேடையில் மீன் வெட்டும் பெண்மணியின் இடுப்பருகே ஒரு கடல்சிங்கம் வரிசையில் நிற்பதுபோல நின்றது. சுற்றிலும் கூழைக்கடாக்கள். அவர் முழங்கையால் அதன் மூஞ்சியை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார்.