குமிழ் பார்த்தவன்

எங்கள் பள்ளிக்கூட மலர்க் குழுவில் இருக்கும் தம்பி மூன்று மாதமாக "ஏதாவது எழுதுங்கோ அண்ணா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கிரிக்கெட் பற்றி எழுத ஆட்கள் நிறைய. விடுதிச் சாப்பாட்டைப் போன மலரிலேயே இரண்டு பேர் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது 1985இல் நடந்த, இல்லங்களுக்கிடையிலான பொது அறிவுப் போட்டிதான். அதிலும் நான் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னவன் இல்லை. குமிழ் பார்த்தவன்.

பின்னால் வந்தவர்களுக்குப் புரியாது, சொல்கிறேன். மண்டபத்து மேடையில் இரண்டு மேசை, இரண்டு வாங்கு. சிவப்பு இல்லத்தின் மேசையில் சிவப்புக் கண்ணாடிக் கடதாசி சுற்றிய மின்குமிழ், மஞ்சள் இல்லத்தின் மேசையில் மஞ்சள். சுவிட்சை அமத்தினால் குமிழ் எரியும். எங்கள் விஞ்ஞான சேர் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து செய்தது. ஒரேயொரு குறை, இரண்டும் தனித்தனிச் சுற்று. ஒன்று எரிந்ததும் மற்றதைத் தடுக்க ஒரு ரிலே போட்டிருக்க வேண்டும். அப்போது அதை யார் யோசித்தார்கள்? ஆகவே எது முதலில் எரிந்தது என்று பார்த்துச் சொல்ல, மேடைக்குக் கீழே ஒரு கதிரை போட்டு ஒருவனை இருத்தினார்கள்.

அந்தப் பழக்கமோ என்னவோ, தொலைக்காட்சியில் வினாடி வினா போனால் எனக்குக் கேள்வி காதில் ஏறாது. கண் மேசைக்கும் கதிரைக்கும் விளக்குக்கும் போய்விடும்.

1989இல் லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒன்றுவிட்ட அண்ணா வீட்டில் இருந்தபோது முதலில் பார்த்தது பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்'. சுற்றிவர இருட்டு. நடுவில் ஒரு கறுப்புக் கதிரை. அதில் தனியாக ஒரு ஆள், அவர் மேல் மட்டும் வெளிச்சம். எதிரே ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரிலிருந்து வந்த புதிது. கேள்வி கேட்கும் அறைகளைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிருந்த கதைகள் வேறு. என் வயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்பது பிறகு ஒரு நாள் வாசித்தபோது தெரிந்தது. 1972இல் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்து ஜெர்மன்காரரிடம் பிடிபட்டு விசாரிக்கப்பட்டவர். அந்த விசாரணையைத்தான் அப்படியே அரங்கமாக்கிவிட்டார். கைதி தன் பெயர், பதவி, இலக்கம் சொல்லுவான். இங்கே பெயர், தொழில், எடுத்துக்கொண்ட பாடம்.

கதிரை ஒன்றுதான் முக்கியம் என்றபடியால் அவர்களுக்கு நிலையான அரங்கமும் தேவைப்படவில்லை. பல்கலைக்கழக மண்டபம், தேவாலயம் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். 1997இல், தொடக்கத்திலிருந்து கேள்வி கேட்டுவந்த மக்னஸ் மக்னஸன் விடைபெற்ற இறுதிப் போட்டி நடந்தது ஓர்க்னித் தீவில், அவருடைய பெயரையே கொண்ட புனித மக்னஸ் பேராலயத்தில். கதிரையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். 2003இல் நிகழ்ச்சி திரும்பி வந்தபோது கலையகத்துக்குள் அடங்கிவிட்டது. நல்ல வெளிச்சம், நல்ல ஒலி. ஆனால் கல்தூண்களுக்கு நடுவே ஒரு ஆள் தனியாக இருந்து முழிக்கிற அந்தப் பயம் போய்விட்டது.

அடுத்தது பல்கலைக்கழக அணிகள் மோதும் 'யுனிவர்சிட்டி சலஞ்ச்'. 1962இல் கிரனாடா தொலைக்காட்சியில் தொடங்கி, 1987இல் நின்று, 1994இல் பிபிசியில் திரும்பி வந்தது. ஒரு அணி மேலே, மற்ற அணி கீழே இருப்பதைப் பார்த்து இரண்டு தட்டுப் பஸ் மாதிரி ஏதோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்றே நம்பியிருந்தேன். மேலே இருப்பவர்கள் ஏணி வைத்து ஏறுவார்களா என்று கூட யோசித்ததுண்டு. நான் படித்த இடத்து அணிக்குக் கைதட்ட பஸ் பிடித்து மான்செஸ்டர் போனபோது வெளுத்தது. இரண்டு மேசையும் ஒரே தரையில், பக்கத்தில் பக்கத்தில்! எங்கள் மண்டபத்தில் போட்ட மாதிரியே. மேல், கீழ் எல்லாம் திரையை இரண்டாக வெட்டி ஒட்டுகிற வேலை. பின்னணியும் நிறங்களும் எத்தனையோ தரம் மாறிவிட்டன, கேள்வி கேட்பவர்களும் மாறிவிட்டார்கள், அந்த வெட்டு மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. அங்கே பொத்தானை அமத்தியதும் அறிவிப்பாளர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் கூவுவார். அவர் கூவக் கூவ, எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது.

1998 செப்டெம்பரில் ஐடிவியில் 'ஹூ வோன்ட்ஸ் டு பி எ மில்லியனர்' வந்ததும் எல்லாம் தலைகீழ். அண்டி வால்ம்ஸ்லி வடிவமைத்த வட்ட அரங்கு அது. சுற்றிவரச் சனம், கீழே ஒளி ஊடுருவும் தரை, அதற்கும் கீழே பளபளக்கும் பெரிய தட்டு. நடுவில் இரண்டு உயரமான கதிரைகள். பரிசுத் தொகை ஏற ஏற இருட்டு நெருங்கி வரும், விளக்குகள் மேலிருந்து ஆளை நோக்கிச் சாயும். மாஸ்டர்மைண்டின் விசாரணை அறையைத்தான் கோழிச்சண்டைக் களத்துக்குள் கொண்டுவந்து வைத்தது போல எனக்குப் பட்டது. பிறகு அதே அரங்கை நாடு நாடாகப் பிரதி எடுத்தார்கள். 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யைச் சென்னையில் அம்மாவோடு இருந்து பார்த்தேன். மொழி வேறு, முகம் வேறு, அதே வட்டம், அதே சாயும் விளக்கு. அம்மா கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தா. நான் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, 1985க்கு வருகிறேன். கடைசிக் கேள்வி, இரண்டு இல்லமும் சம புள்ளி. கேள்வி முடியமுன்னமே இரண்டு குமிழும் எரிந்துவிட்டன. மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் "மஞ்சள்" என்றேன். மஞ்சள் இல்லம் சரியான பதில் சொல்லிக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

சிவப்பு இல்லத்துத் தலைவன் இப்போது டொரொண்டோவில். போன மாதமும் வட்ஸப் குழுவில் "உண்மையைச் சொல்லடா, எது முதல்?" என்று கேட்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் ஒரு தரமும் கேட்காத கேள்வி, நான் எந்த இல்லம் என்பது.

மஞ்சள்.