ரைன் கோட்டைகளுக்கு ஒரு மடிப்பு வரைபடம்: இதுவரை ஆன வேலை

ஜெர்மனியில் பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை ரைன் ஆறு குறுகிய மலைப்பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 2002-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது. இந்த ஆற்றை நேர்கோடாக நிமிர்த்தி, இரு கரைக் கோட்டைகளையும் அதனதன் இடத்தில் வரைந்து, விசிறிபோல் மடிக்கிற நீளப் பட்டை ஒன்று தயாராகிறது. 19-ஆம் நூற்றாண்டில் நீராவிப் படகுப் பயணிகள் கையில் வைத்திருந்ததும் இதே வகைதான். கௌப் ஊர் வரை மை போட்டாயிற்று. அங்கிருந்து பொப்பார்ட் வரை பென்சிலில் நிற்கிறது. மிச்சத்துக்கு ஆற்றுப் பட்டையும் கிலோமீட்டர் கோடுகளும் மட்டும்.

வரைபடத்துக்கு முதுகெலும்பு கரையோரக் கிலோமீட்டர் பலகைகள். கான்ஸ்டன்ஸ் பாலத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எண் என்பதால் படகிலிருந்தே படிக்கலாம். மவுஸ் கோபுரம் 530, ரைன்ஸ்டைன் 533, நதி நடுவிலுள்ள ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் 546, லோரலை பாறை 554, ரைன்ஃபெல்ஸ் 557, மார்க்ஸ்பர்க் 580, எரன்பிரைட்ஸ்டைன் 592 என்று ஏறக்குறைய அமையும். பிங்கன் அருகே 529-க்கும் 530-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர் மட்டும் உண்மையில் குறுகியது. தூரத்தை நம்பாமல் பலகை எண்ணை நம்பி வரைந்தால் குழப்பம் வராது.

அளவு 1:25,000. ஒரு கிலோமீட்டருக்கு 4 செ.மீ., ஒரு மடிப்புக்கு 12 செ.மீ., அதாவது 3 கி.மீ. வரைபடத்துக்கு 22 மடிப்பு, முன்னும் பின்னும் அட்டைக்கு ஒன்றொன்று, ஆக 24. தொடக்க எண்ணை 528 என்று வைத்தால் 534, 537, 543, 546 ஆகிய இடங்களில் மடிப்புக் கோடு விழும். ரைஷன்ஸ்டைன், ஸோனெக், ஸ்டாலெக், ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் நான்கும் மடிப்பில் நசுங்கிவிடும். 528.5-இல் தொடங்கினால் பெரும்பாலான கோட்டைகள் மடிப்பிலிருந்து தள்ளி உட்கார்கின்றன. ரைன்ஸ்டைனுக்கும் ரைஷன்ஸ்டைனுக்கும் இடையே ஏறத்தாழ 4 செ.மீ.தான் கிடைக்கும். எனவே எந்தக் கோட்டைப் படமும் 3.5 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது.

தாளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடையில் கிடைக்கும் ஏ3 தாளின் இழை, அதாவது நார்கள் படிந்திருக்கும் திசை, பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நமது மடிப்போ குறுக்கே வருகிறது. இழைக்குக் குறுக்கே மடித்தால் 160 கிராம் தாள் விளிம்பில் வெடித்து, மை உதிரும். நீளவாக்கு இழையுள்ள ஏ2 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால் இழை சரியான பக்கம் வந்துவிடும். 4 ஏ2 தாள் போதும். 8 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 3 மடிப்பு, ஒட்டுவதற்கு 1 செ.மீ. ஓரம். உயரத்தை 20 செ.மீ.க்கு வெட்டிக்கொள்ளலாம். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் முனையால் முதலில் அழுத்திக் கீற வேண்டும்.

ஒட்டுவதற்கு இருபக்க டேப்தான் நல்லது. பசையின் ஈரம் தாளைச் சுருட்டும். ஒவ்வோர் இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால்கூட, ஏழு இணைப்புகளுக்குப் பிறகு முழுப் பட்டையும் அரிவாள்போல் வளைந்துவிடும். ஆற்றின் மையக்கோட்டில் நீளமான இரும்பு அளவுகோலை வைத்துச் சரிபார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

நடுவில் 2 செ.மீ. ஆறு. ஓட்டம் இடமிருந்து வலம். இடக்கரை மேலே, வலக்கரை கீழே. கீழ்க்கரைக் கோட்டைகளைத் தலைகீழாக, ஆற்றுக்கு வெளியே நிமிர்ந்து நிற்பதாக வரைய வேண்டும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் இதுவே சரி. படகுத் தளத்தில் பட்டையை ஓட்டத்தின் திசையில் நீட்டினால் இரு பக்கமும் கண்ணில் படுவதோடு பொருந்தும். எதிர்த்திசைப் படகிலும் பட்டையை ஆற்றின் ஓட்டத்தோடு ஒத்தவாறே பிடித்தால் போதும். இரு கரையையும் ஒரே பக்கம் நிமிர்த்தி வரைந்தால் இந்த வசதி போய்விடும்.

உயரத்தை உள்ளபடி வரைந்தால் எதுவும் தெரியாது. 132 மீட்டர் லோரலை இந்த அளவில் 5 மி.மீ.தான். உயரத்தை மட்டும் ஐந்து மடங்காக்கினால் 2.6 செ.மீ. வரும், ஆற்றிலிருந்து 118 மீட்டர் உயரத்தில் இருக்கும் எரன்பிரைட்ஸ்டைன் 2.4 செ.மீ.

இந்த வேலையில் மிக முக்கியம் கோட்டின் வகை. ரைனில் பழமையாகத் தோன்றுவதில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் கைவேலை. பழைய சுவருக்கு முழுக்கோடு, மீண்டும் கட்டியதற்குப் புள்ளிக்கோடு, இடிந்ததற்கு விட்டுவிட்ட கோடு என்று வைத்தால் வரலாறு பட்டையிலேயே தெரிகிறது. ரைன்ஸ்டைன் 1825 முதல் 1829 வரை பிரஷ்ய இளவரசர் ஃப்ரீட்ரிஷ் எழுப்பியது, பெரும்பாலும் புள்ளி. 1689-இல் பிரெஞ்சுப் படை சிதைத்த ஸ்டோல்சன்ஃபெல்ஸும் அப்படியே. காட்ஸ் 1806-இல் தகர்க்கப்பட்டு, 1896-க்குப் பின் எழுந்தது. தனியார் வசம், உள்ளே போக முடியாது. 1245-இல் தொடங்கிய ரைன்ஃபெல்ஸ் விட்டுவிட்ட கோடு. 1692-இல் பிரெஞ்சு முற்றுகையைத் தாங்கிய அதே கோட்டை 1794-இல் சண்டையின்றிக் கைமாறி, பிறகு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இங்குள்ள மலைக்கோட்டைகளில் அழியாமல் நின்றது மார்க்ஸ்பர்க் மட்டுமே. அதற்கும், சுங்கம் வாங்க எழுந்த ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைனுக்கும் தயங்காமல் முழுக்கோடு போடலாம். பிந்தையதன் முனை ஆற்றை எதிர்த்துக் கூராக இருப்பதைத் தவறாமல் வரைய வேண்டும். பனிக்கட்டிகளைப் பிளப்பதற்கான வடிவம் அது.

மலைக்கோட்டைகள் பெரும்பாலும் அதனதன் கரையிலிருந்து சரியாகத் தெரியாது, பாறை மறைத்துவிடும். மார்க்ஸ்பர்க்குக்கு எதிர்க்கரை ஷ்பாய், ரைன்ஸ்டைனுக்கு எதிர்க்கரை அஸ்மன்ஸ்ஹவுசன். இந்த இடங்களைச் சிறு கண் குறியால் காட்டலாம். கோப்லென்ஸ் வரும் வரை பாலமே இல்லாததால் படகுத்துறைகள் பெரிதாகத் தெரிய வேண்டும்: பிங்கன், நீடர்ஹைம்பாக், கௌப், சாங்க்ட் கோவார், பொப்பார்ட். வெள்ளம் மிகுந்தால் அக்கரை செல்லும் படகுகள் நின்றுவிடும்.

நிமிர்த்திய வரைபடத்தில் தொலைவது சூரியன். ஆறு பொதுவாக வடமேற்காக ஓடுவதால் காலையில் இடக்கரைக்கும் மாலையில் வலக்கரைக்கும் வெளிச்சம். பொப்பார்ட் வளைவில் இது பொய்க்கிறது. ஆறு கிழக்கே திரும்ப, இடக்கரைத் திராட்சைச் சரிவுகள் தெற்கு நோக்குகின்றன. அதனால் ஒவ்வொரு மடிப்பிலும் தனி வடக்கு அம்பு வேண்டும். 570 முதல் 580 வரையிலான அம்புகளைச் சரிபார்த்த பிறகே அந்தப் பகுதிக்கு மை.